ஜெர்மன் பெட்டி

"ஜெர்மன்காரன் செஞ்ச பெட்டி. இப்போ அவனோடயே சண்டை. ஒட்டுக்கேக்க உள்ள என்னத்த வச்சிருக்கானோ!" என்றார் தலைமைக் கிராணி ஒலி முகம்மது. பினாங்கிலிருந்து மாற்றலாகி, சிங்கப்பூர் டெலிபோன் ஆபீஸில் அன்றுதான் பெரிய குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். வருஷம் 1914.

"லண்டன்லேருந்து புதுசு வர்ற வரைக்கும் இதாங்க," என்றான் லைன்மேன் மருதப்பன்.

காலையிலிருந்து ஊமையாகிக் கிடந்த டெலிபோன் பெட்டியின் முன் குனிந்து, ஒரு வெள்ளைக்காரர் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான்.

"பாத்தியா, பெட்டிக்கே காவல் போட்டிருக்காங்க. அந்தப் பயலுக செஞ்சத நம்ம துரைதான் சரி பண்ண வேண்டியிருக்கு."

"ஐயா, அவரு..."

"நீ போய் துரைக்கு நல்ல காப்பியா வாங்கிட்டு வா."

காப்பி வந்தது. பெட்டியை மூடிவிட்டு துரை ஒரு வாய் குடித்ததும் மணி அடித்தது. ஒலி முகம்மது பூரிப்போடு ஓடி எடுத்தார்.

"போர்க்கைதி முகாம் கிராணி பேசறேன். அட, லைன் வந்துடுச்சே! ரிப்பேருக்கு அனுப்பின ஜெர்மன்காரன் வேலைய முடிச்சிட்டானா? சிப்பாயோட உடனே திருப்பி அனுப்புங்க."

ஒலி முகம்மது திரும்பிப் பார்த்தார். மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மணிச் சத்தத்துக்கே எழுந்துவிட்ட அந்த வெள்ளைக்காரர், பாதி குடித்த காப்பியை மேஜையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அவரை உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, ஒலி முகம்மது போனில் சொன்னார்:

"வேலை முடிஞ்சிடுச்சு. அவரு காப்பி குடிச்சுக்கிட்டிருக்காரு. குடிச்சிட்டு வருவாரு."