சப்பாத்து நாடா

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்தபின், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் திலகவதி குளிர்காலம் முழுக்க வீட்டை விட்டு இறங்கவேயில்லை. மார்ச் மாதத்து ஒரு காலையில் ஒஸ்லோவில் வெயில் எறித்தது. "இஞ்சருங்கோ, வெளியில போய்ப் பாப்பமோ?" என்று அவளே கேட்டாள். அருளானந்தத்தாருக்குக் கை கால் ஓடவில்லை. மனைவியின் காலடியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் பனி கொட்டத் தொடங்கியது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து அவிழ்த்துவிட்டார். தேநீர் ஆறுவதற்குள் மறுபடி வெயில் வந்தது. மறுபடி கட்டினார். இந்தமுறை ஆலங்கட்டி மழை யன்னலில் படபடவென்று அடித்தது.

"விடுங்கோ, உங்களுக்கும் முழங்கால் நோகும். நாளைக்குப் பாப்பம்."

அவர் எழும்பவில்லை. முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"இனி நான் அவிழ்க்கமாட்டன். எழும்பும்."

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஈரப்படிகளில் அவள் நகங்கள் அவர் கையில் பதிந்தன. நாலாவது படியில் இருவரும் நின்று மூச்சு வாங்கினார்கள். கீழே இறங்கியபோது அவள் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பனிமணிகள்.

"காணுமப்பா, திரும்புவமோ?" என்றார்.

"பொறுங்கோ," என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடி. "அந்த பஸ் தரிப்பு மட்டும் போவம்."