தரையில் மேடு இல்லாத லிப்ட்

கார் தூக்கும் லிப்ட் விற்க, சிங்கப்பூரின் பூன் லேயில் இருந்த சேவியரின் பட்டறைக்கு வந்திருந்தாள் யாமினி.

"ரெண்டு தூணுக்கும் நடுவுல தரையில மேடு இருக்கே. இது வேணாம்மா" என்றார் சேவியர், அவள் காட்டிய படத்தைப் பார்த்து.

"ஒன்றரை அங்குலம்தான் அண்ணே. தாண்டிப் போயிடலாம் லா!"

"மேடே இல்லாததா காட்டு. உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கணும்."

"ரொம்பத்தான் சொகுசு!" என்று அவள் சிரித்தபோது, மெக்கானிக் சின்னராசு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"லிப்டா? ஜாக்கியே போதும்னு சொல்வீங்களே, பாஸ்!"

"அதை நம்பித்தானேடா காருக்கு அடியில படுத்தே. ஜாக்கி சரிஞ்சுடுச்சே..."

அவன் கால்களைப் பார்க்காமல், விலையும் கேட்காமல், யாமினி நீட்டிய மேடில்லாத லிப்டின் ஆர்டர் தாளில் சேவியர் கையெழுத்துப் போட்டார்.