இரும்புத் தொப்பியின் உள்பட்டை

மூட்டையை அவிழ்த்ததுமே ஜெரினா தேடியது ஒரே ஒரு தொப்பியைத்தான்.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர்களுக்கு, யுத்தம் முடிந்து மிஞ்சிப்போன இரும்புத் தொப்பிகளைக் கொடுத்திருந்தார்கள். நெற்றி வியர்வையில் ஊறி ஊறி அவற்றின் உள்பட்டை நைந்துபோகும். அப்படிப்பட்டவை மூட்டையாக ராயபுரத்துக்கு, ரசூல் பீவியின் வீட்டுக்கு வரும். பீவியும் இரண்டு மகள்களும் புதுப் பட்டை வைத்துத் தைத்து அனுப்புவார்கள்.

இத்தனை நாள் ஜெரினாவுக்கு அது வெறும் கூலித் தையல். இன்று அப்படி இல்லை.

மூட்டையைக் கொண்டுவந்து போடுகிற கமாலுதீனின் வீட்டிலிருந்து போன வாரம் பெண் கேட்டுவிட்டார்கள். கட்டினால் தொப்பி தைக்கிற வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். பதில் கேட்க அவனுடைய அம்மா இன்று சாயங்காலம் வருகிறாள். அடுப்படியில் பீவி பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

ஒற்றைக்காலில்! நினைக்க நினைக்க ஜெரினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவள் அவனை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். அவன் எப்போது அவளைப் பார்த்தான்? பார்த்திருக்கிறான், கள்ளன்.

சரி, அவனும் நிலக்கரி இறக்குகிறவன்தானே, அவனுக்கு எந்தப் பட்டை?

தோல் நன்றாக உழைக்கும். ஆனால் உப்பு ஏறினால் விறைத்துக்கொண்டு நெற்றியை அறுக்கும். ஃபிளானல் மெத்தென்று இருக்கும். சித்திரை வெயிலில் அதைப் போட்டால் தலை வெந்துவிடும். துவாலைத் துணி வியர்வையைக் குடித்துவிடும், நெற்றியில் பட்டால்தான் சொரசொரக்கும்.

ஒவ்வொன்றையும் தன் நெற்றியில் கட்டிப் பார்த்தாள். கடைசியில் பிடிபட்டுவிட்டது. அடியில் துவாலை, அதன்மேல் மெல்லிய மல் துணி. மற்றவர்களுக்கெல்லாம் தோலே போதும், அவர்கள் நெற்றி எப்படிப் போனால் இவளுக்கென்ன?

ஆனால் மூட்டையில் அவன் தொப்பி இல்லை.

எதிரே அக்கா சாபிரா தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் காலராவில் போனபின் தாய்வீட்டோடு வந்துவிட்டவள். முடித்துவைத்த தொப்பிகள் அவள் பக்கத்தில் குவிந்திருந்தன. அந்தக் குவியலின் அடியில், வெள்ளைச் சாயத்தில் கமாலுதீன் என்று எழுதிய தொப்பி தெரிந்தது. ஜெரினா பாய்ந்து எடுத்தாள்.

"அத்த வுட்ரு ஜெரினா. அது நல்லாத்தான் கீது," என்றாள் சாபிரா, தலை நிமிராமல்.

ஜெரினா கேட்கிறவளா? கவிழ்த்துப் பார்த்தாள்.

அடியில் துவாலை, மேலே மல் துணி. பகலெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்ததை யாரோ எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள்.

நேற்றுத் தைத்த பட்டை இல்லை அது. வியர்வையில் மஞ்சளேறிய பழைய நூல் இருந்தது. அதன்மேல் ஒருமுறை பழுதுபார்த்த நூல். அதற்கும் மேலே, இன்னும் அழுக்குப்படாத வெள்ளை நூல். எல்லாத் தையலும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அந்த வீட்டில் இடது கையால் ஊசி பிடிக்கிறவள் ஒருத்திதான்.

தொப்பி தைக்கிற வீட்டுப் பெண் என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். எந்தப் பெண் என்று அவனை யாரும் கேட்கவில்லை. தாலி அறுத்தவளை யார் கணக்கில் வைப்பார்கள்? கூடப் பிறந்த ஜெரினாவே வைக்கவில்லையே.

அக்காவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வாரமாகத் தன்னைக் குதிக்க விட்டு வேடிக்கை பார்த்தாளே!

நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சாபிரா தைக்கவே இல்லை. நூல் கோக்காத ஊசியால் துணியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. புடவை மாற்றிக்கொள்ளச் சொல்லி அடுப்படியிலிருந்து அம்மா ஜெரினாவைக் கூப்பிட்டாள்.

ஜெரினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அக்காவின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள்.

"எந்திரிக்கா, மூஞ்சி கழுவிகினு வா. அவுங்க பாக்க வந்துகீறது உன்னிய."