ஐந்து காவல் நிரல்கள்

"உங்கள் இயங்குதளத்தில் இந்தச் சேவை கிடையாது" என்று குடும்பப் பதிவுத் தளம் நான்காவது முறையாகச் சொன்னது.

"நல்லா வேணும்" என்றான் சுபோங்.

எதிர்வீட்டுக்காரன். அடியில் வெந்நீர் ஓடிச் சூடான என் வீட்டுத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, என் பெர்சிமன் பழத்தைத் தோல் சீவித் தின்றுகொண்டிருந்தான்.

"கொரியா பூரா விண்டோஸ் வச்சிருக்கான். உனக்கு மட்டும் எதுக்குண்ணே இந்த லினக்ஸு?"

காரணம் அவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் போனது நாலு வருஷம். முப்பது வருஷம் புசான் துறைமுகத்தில் கப்பலுக்கு மின்கம்பி இழுத்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் சுவிட்சைத் தொடமாட்டேன்.

இங்கே எந்தத் தளத்துக்குப் போனாலும், வங்கியோ வரியோ, முதலில் ஐந்து காவல் நிரல்களை உள்ளே விடச் சொல்வார்கள். விசைப்பலகைக்கு ஒருவன், வலைக்கு ஒருவன், சான்றிதழுக்கு ஒருவன். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்கு என்பார்கள். வேலை முடிந்த பிறகு ஒருவனும் வெளியே போவதில்லை. செருப்போடு உள்ளே வந்து படுத்துக்கொள்வான்கள்.

அதனால்தான் லினக்ஸ். ஒன்பது வருஷமாக ஒருத்தனையும் உள்ளே விட்டதில்லை.

இன்றைக்கு விட்டாக வேண்டும்.

காலையில் மீன் சந்தையில் சுபோங் என் மகள் மிராங்கைப் பார்த்திருக்கிறான். முதுகில் ஒரு குழந்தையைக் கட்டியிருந்தாளாம். மிராங் என்னோடு பேசி ஏழு வருஷம் ஆகிறது. அது அவள் பிள்ளைதானா? ஆணா, பெண்ணா? என்ன பெயர்?

மகளுடைய குடும்பச் சான்றைப் பார்க்க அப்பனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

"நாளைக்குத் திங்கக்கிழமை. ஆபீசுக்குப் போனா தாளாவே குடுத்துருவாங்களே."

"கவுன்டர்ல இருக்கிறவ யாரு? மிராங்கோட படிச்சவ. சாயங்காலத்துக்குள்ள அவ காதுக்குப் போயிரும், கிழவன் மோப்பம் பிடிக்கிறான்னு."

"பிடிக்கத்தானே செய்யுற?"

"நீ பழத்தைத் தின்னு."

பக்கத்தை அடிவரை இறக்கிப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி: லினக்ஸுக்கான காவல் நிரல்கள். அதுவும் பழைய லினக்ஸுக்கு மட்டும்தான்.

கணினியை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். என் கோப்பெல்லாம் இருந்த வன்வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். பழைய லினக்ஸ் கிடந்த வேறொரு வட்டை மாட்டினேன்.

"என்னண்ணே, வீட்டுக்காரனையே வெளிய அனுப்பிட்ட?"

"கண்டவன் உள்ள வர்றப்ப நகையை எதுக்கு வீட்டுல வைக்கணும்?"

ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுவினேன். மூன்றாவது இரண்டு முறை முரண்டு பிடித்தது. ஐந்தாவது, கணினியை அணைத்துத் திறக்கச் சொன்னது. திறந்தால், முதலாவதைக் காணவில்லை, மறுபடி நிறுவு என்றது தளம். சுபோங் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.

மறுபடி நிறுவினேன்.

வங்கி கொடுத்த மின்சான்றிதழைப் பென்டிரைவிலிருந்து காட்டினேன். கடவுச்சொல்லை ஒரே விரலால் அடித்தேன். மகளுடைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டது. தேதி எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

திறந்தது.

அப்பா என்ற இடத்தில் நான். அம்மா என்ற இடத்தில் என் மனைவி, பக்கத்தில் 'காலமானார்'. கணவன்: பியன் ஜேகுக். நான் வேண்டாம் என்ற அவனேதான்.

அதற்குக் கீழே, பிள்ளை: நம்குங் தான்பி. பெண். பிறந்து பதினான்கு மாதம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

நம்குங் என்பது என் குடும்பப் பெயர். இங்கே பிள்ளைக்கு அப்பன் வீட்டுப் பெயர்தான் முன்னால் வரும். பியன் தான்பி என்றல்லவா இருக்க வேண்டும்?

"தப்பாப் போட்டிருக்கான். அஞ்சு காவல்காரன், ஒரு பேரை ஒழுங்கா எழுதத் தெரியல."

சுபோங் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். திருமணம் பதிகிற அலுவலகத்தில் பதினோரு வருஷம் வாசல் காவலில் நின்றவன். மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து வாசித்தான்.

"தப்பில்லண்ணே. கல்யாணத்தைப் பதியிற தாள்ல ஒரு கேள்வி இருக்கு. பொறக்கிற பிள்ளைக்கு அம்மா வீட்டுப் பேரு வைக்கிறதா ஒத்துக்கிட்டீங்களான்னு. ரெண்டு பேரும் சம்மதிச்சு ஆமான்னு போட்டா, இப்படி வரும்."

"பிள்ளை பொறந்தப்புறம் போட்டிருப்பா."

"அது முடியாது. கல்யாணத்தைப் பதியிற அன்னைக்கே போடணும். அப்புறம்னா கோர்ட்டுக்கு அலையணும்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். ஒரே தாளுண்ணே."

ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். பதியப் போகிறோம் என்று மிராங் வாசலில் நின்று சொன்னாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சுபோங்கிடம்கூட.

"அவனைக் கட்டிக்கிட்டா, நம்குங்ங்கிற பேரை இனிமே எங்கேயும் எடுக்காதே" என்றேன்.

கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.