எழுந்து போகிற எலோயிசா

"இன்னைக்கும் எழுந்து போயிட்டாம்மா."

பள்ளி விட்டு வந்த ருவான் முதுகுப்பையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டான். எட்வானியாவுக்குச் சுருக்கென்றது.

"யாரு, அந்த எலோயிசாவா?"

"ஆமா. நான் டப்பாவைத் திறந்தேன். உடனே அவ டப்பாவைத் தூக்கிட்டு சுவரோரமா போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாப்பிட்டுட்டு விளையாட வந்தா."

விளையாட்டுக்கு ஆகிறது, சாப்பாட்டுக்கு ஆகவில்லை. எட்வானியாவுக்குப் புரிந்துவிட்டது.

பிரேசிலின் வடகிழக்கிலிருந்து சாவோ பாலோ நகரத்துக்குக் குடிவந்து மூன்று மாதம்தான். அதற்குள் அவர்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! "உங்க ஊர்ல மூணு வேளையும் சோளமாவுதானே?" என்று சலவைக் கடையில் அவளோடு வேலை பார்ப்பவளே கேட்டாள்.

அன்று ருவானுக்குக் கட்டிக் கொடுத்ததும் அதேதான். ஆவியில் வேகவைத்த சோளமாவு குஸ்குஸ், மேலே தேங்காய்ப்பால், ஓரத்தில் இரண்டு துண்டு பொரித்த பாலாடைக்கட்டி. அவனுக்கு உயிர்.

மறுநாள் குஸ்குஸ் நின்றது. இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல ரொட்டிக்கு நடுவே இறைச்சித் துண்டு.

"எழுந்து போயிட்டா."

புதன்கிழமை சீஸ் பன். சூடாக, கூடுதலாக நான்கு.

"ரெண்டு அவளுக்குக் குடுடா."

"நீட்டினேன். வேணாம்னு தலையை ஆட்டிட்டு ஓடிட்டா."

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே எழுந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து பப்பாளியை நட்சத்திரமாக வெட்டினாள். சாசேஜைக் கீறி ஆக்டோபஸ் மாதிரி எட்டுக் கால் வைத்தாள். வகுப்பே ருவானின் டப்பாவைச் சுற்றி நின்றதாம். எலோயிசா மட்டும் சுவரோரம்.

"ஏழு வயசுப் பொண்ணோட உனக்கென்ன மல்லுக்கட்டு?" என்றான் கணவன் ஜெனிவால்டோ. "விட்டுத் தொலை."

"பொண்ணைச் சொல்லல. பெத்தவளைச் சொல்றேன். வீட்டுல பேசாம பிள்ளைக்கு எப்படி இந்தப் புத்தி வரும்? நம்ம சாப்பாடு அவ்வளவு கேவலமா?"

"போய்ச் சண்டை கிண்டை போட்டுடாதே."

"போடத்தான் போறேன்."

வெள்ளிக்கிழமை சலவைக் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். ருவான் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். பக்கத்தில் இருந்த ரெட்டைச் சடைப் பெண் எழுந்தாள். சொன்னது சொன்னபடி, குழாயடிச் சுவரோரம் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

எட்வானியா விடுவிடுவென்று அங்கே நடந்தாள்.

"நீதானே எலோயிசா? நான் ருவானோட அம்மா."

அந்தப் பெண் டப்பாவைப் படக்கென்று மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதீங்க ஆன்ட்டி!"

எட்வானியாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"ஏன்? வந்தா என்ன? நாங்க தொட்டா ஒட்டிக்குமா?"

"உங்க மேல ஒட்டிக்கும்."

"என்ன ஒட்டிக்கும்?"

"வேர்க்கடலை."

எட்வானியாவின் பார்வை அந்தப் பெண் மறைத்து வைத்த டப்பாவுக்குப் போனது.

"எங்கம்மா வேர்க்கடலை உருண்டை பண்ணி ஸ்டேஷன் வாசல்ல விக்கிறாங்க. வீடு பூரா கடலைத் தூள்தான். டப்பால இருக்கிறது வெறும் ரொட்டி, ஆனா அதுலயும் ஒட்டியிருக்கும். ருவானுக்கு ஆகாதாமே? தொண்டை அடைச்சு மூச்சு நின்னுடுமாமே? முதல் நாளே டீச்சர் சொன்னாங்க."

டீச்சரிடம் அதைச் சொன்னதே எட்வானியாதான். எழுதியும் கொடுத்திருந்தாள். நாலு வயதில், ஒரு பிறந்தநாள் விருந்தில், ஒரே ஒரு வாய் தின்றுவிட்டு உதடு நீலமாகி அவள் மடியில் துவண்டு கிடந்தவன் ருவான்.

"யூனிஃபார்மைக் கூட அம்மா மாடி வீட்டுலதான் வச்சிருக்காங்க, தூள் படக் கூடாதுன்னு. நான் அங்க போய்த்தான் போட்டுட்டு வருவேன்." எலோயிசாவின் குரல் தாழ்ந்தது. "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. எங்க வீட்டு வேலை தெரிஞ்சா என்னை வேற வகுப்புக்கு மாத்திடுவாங்க. எனக்கு ருவான் மட்டும்தான் ஃப்ரெண்டு."

பெஞ்சிலிருந்து ருவான் கத்தினான். "சீக்கிரம் வா, எலோ! பந்து நம்ம கையிலதான் இருக்கு!"

எட்வானியா மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"யாரும் உன்னை மாத்த மாட்டாங்கடா தங்கம். நான் பாத்துக்கிறேன்" என்றவள், அந்தக் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

எலோயிசா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இருங்க ஆன்ட்டி. இன்னும் சோப்புப் போட்டு கை வாய் கழுவல. கழுவிட்டு வந்துடறேன், அப்புறமா கொஞ்சுங்க."