இடுப்பளவு அலை

"நீங்கள் வராட்டில் அந்தப் படகாலை ஒரு பிரயோசனமும் இல்லை, மாமா. மாமியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பழைய படகொன்றை வாங்க யோசித்துக்கொண்டிருந்த அக்காவின் மகன் பிறேம் தொலைபேசியில் சொன்ன இந்த வார்த்தைகளை ஹரோல்ட் அந்தக் கிழமை நல்லூரில் நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பார். பால்காரர் மூன்று தரம் கேட்கவேண்டி வந்தது.

சும்மாவா? பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். சாவகச்சேரியில் நின்றுபோன பஸ்ஸை, நல்லூரில் இருந்தபடியே, சத்தத்தைக் கேட்டுத் திருத்தியவர் (அவரே சொன்னது). ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருடத்தில் ஒரு சைக்கிள் பம்பைப் பற்றிக்கூட ஒருவரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. இப்போது ஒருவன் கேட்டிருக்கிறான். பிழைவிடக் கூடாது.

"எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? நான் ஏன்?" என்றார் மனைவி தேவமலர்.

"பெரிய ஆக்கள் போனால் குடும்பமாய்த்தான் போறது."

சனிக்கிழமை காலை, குருநகர்த் துறையில் வெள்ளைப் படகு நின்றது. தெற்கே ஏதோ ஹோட்டலில் ஓடிய பழைய படகு. எஞ்சின் பின்னால் தொங்காமல் உள்ளுக்குள் இருந்தது. பிறேமின் மனைவி நிஷானி ஒரு பலகையோடு ஆயத்தமாக நின்றாள்.

"படகுக்குப் பின்னாலை எழும்புற அலையிலை, பலகையிலை நிண்டு சறுக்கிறது, மாமா," என்றான் பிறேம். " இடுப்பளவுக்கு அலை வந்தால் இண்டைக்கே படகை வாங்குவன். உல்லாசப் பயணியளுக்கு விடலாம்."

"பலகையோ!" ஹரோல்டுக்கு ஐம்பது வயது குறைந்தது. "அறுபத்தெட்டாம் ஆண்டு, பள்ளிக்கூடத்திலை நாங்கள் இருக்கிற வாங்கின்ரை பலகையிலை நிண்டு, மோட்டர் வள்ளத்துக்குப் பின்னாலை ஊர்காவற்றுறை மட்டும் போனவன் நான்! ஈர்க்கு மாதிரி இருந்தன். காத்தடிச்சால் பலகை நிக்கும், நான் பறப்பன்."

"போன வருசம், இந்தா பக்கத்திலை இருக்கிற பண்ணை மட்டும்தான் போனது எண்டு சொன்னியள்," என்றார் தேவமலர்.

ஹரோல்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த அலை கண்ணாடி மாதிரி இருக்கும், தம்பி. பிறகு சண்டை தொடங்கி, கடலிலை கால் வைக்க விடாத காலம் வந்தது. அது முடிய, என்ரை முழங்கால் விடேல்லை."

படகின் சொந்தக்காரர் அடைக்கலநாதன் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்து முகம் மலர்ந்தார். "சரியான ஆக்களைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்! ஐயா, பின்னுக்கு இடப்பக்க மூலையிலை இருங்கோ. அம்மா, நீங்கள் பக்கத்திலை."

மெத்தை போட்ட இருக்கை. ஹரோல்ட் அரசர் போல அமர்ந்தார். படகு புறப்பட்டதும் எழும்பப் பார்த்தார்.

"எஞ்சின் மூடியைத் திறவும், பாப்பம்."

"எழும்பாதேங்கோ, மாமா! இருந்தபடியே சொல்லுங்கோ!" பிறேம் பதறினான்.

பெரிய டொக்டர்மார் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று ஹரோல்ட் தன்னையே மெச்சிக்கொண்டு காதைக் கொடுத்தார். எஞ்சின் இருமியது. நல்ல இருமல் இல்லை.

அப்போதுதான் பின்னால் அலை எழுந்தது. பச்சையாய், வழவழப்பாய், உடையாமல் கூடவே வந்தது. கடலில் இறங்கியிருந்த நிஷானி, படகோடு கட்டிய கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழும்பினாள்; பிறகு கயிற்றை விட்டுவிட்டு, அலையின் மேல் நின்று சிரித்தாள்.

ஹரோல்ட் எஞ்சினையே மறந்து அலைப் பக்கம் திரும்பினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தேவமலர் காணாத அதிசயம் அது.

"இதுதானப்பா," என்றார் தேவமலரிடம். "இதே அலைதான்."

கரைக்கு வந்ததும், கடலைப் பார்த்தபடியே தன் தீர்ப்பைச் சொன்னார்.

"மனம் வாங்கு எண்டு சொல்லுது, பிறேம். ஆனால் நான் இவ்வளவு காலமும் காதைத்தான் நம்பினவன். எஞ்சின் மூண்டு மாசம் தாங்காது. படகு வேண்டாம்."

திரும்பிப் பார்த்தால், பிறேமும் அடைக்கலநாதனும் ஏற்கெனவே கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"எஞ்சின் சரியில்லை எண்டு எனக்கும் தெரியும், மாமா. கழட்டிப்போட்டுப் புதுசு போடப் போறன்."

"அப்ப என்னை என்ன கோதாரிக்குக் கூப்பிட்டனி?"

பதில் அடைக்கலநாதனிடமிருந்து வந்தது.

"பின் மூலை தாழ்ந்தால்தான், ஐயா, அலை எழும்பும். அதுக்குத் தண்ணி நிரப்புற தொட்டி பழுது. போன கிழமை அந்த மூலையிலை நாலு சீமெந்து மூட்டை அடுக்கி ஓடிப் பாத்தனாங்கள், அலை முழங்காலைத் தாண்டேல்லை. நீங்கள் ரெண்டுபேரும் இருந்த பிறகுதான் இடுப்புக்கு வந்தது!"