இவங்க யாரு?

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்," என்றான் தம்பி.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆறு வருஷமாக எந்த நாளைக் கேட்டாலும் ஞாயிறு என்று சொன்னவன் அவன். மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்புகிறவனை வாராவாரம் வந்து கெஞ்சிக் கூத்தாடி விழுங்கவைத்தவள் அவள்தான்.

கிழமை கேட்ட டாக்டர், புதிதாக வந்திருந்தவர், அடுத்து அவளைக் காட்டினார்.

"இவங்க யாரு?"

அவளை அவன் எப்போதும் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்கு அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"என் அக்கா. எப்படி இளைச்சுப்போயிட்டா பாருங்க."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "முழுசா குணமாயிடுச்சுன்னு எழுதிக் கொடுங்க டாக்டர். அதைக் காட்டி மேலிடத்துல மன்னிப்பு கேக்கணும்."

டாக்டர் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"வக்கீல் உங்ககிட்ட சொல்லலையாம்மா? புத்தி சரியில்லாதவங்களைத் தூக்குல போடக் கூடாது. இத்தனை வருஷமா தண்டனையை நிறுத்திவச்சிருக்கிறதே அதனாலதான். குணமாயிடுச்சுன்னு நான் எழுதினா, தேதி குறிச்சிடுவாங்க."

வாசலில் ஜெயில் காவலர் டாக்டர் எழுதித் தரப்போகும் தாளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா," என்றான் மறுபடியும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இவனுக்கு இன்னும் தெளியல டாக்டர். யாரைப் பார்த்தாலும் அக்காங்கறான்," என்றாள். "நான் இங்க நர்சு."